ஷட்டருக்கு அடியில் ஈரச் சாக்கு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஊரில் எல்லோருக்கும் நான் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். நான் மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லி முடிப்பதற்குள், கேட்டவர் தன்னுடைய சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். ஒவ்வொருவருக்காகவும் செலவழிக்க என்னிடம் மூச்சு இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். இனிமேல் யார் கேட்டாலும் இதைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துகொள்வேன்.

நான் கார் பெயின்டர். ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமம். திருச்சியில் பட்டறை பட்டறையாக வேலை பார்த்துவிட்டு, கடைசியில் என் தங்கை லூர்துமேரியின் வீட்டுக்காரர் கடை போட்டபோது அங்கே வந்து சேர்ந்தேன். புதுக்கோட்டையில் திருக்கோகர்ணம் தாண்டித் திருச்சி ரோட்டில், தகரக் கொட்டகை போட்ட கடை. வாசலில் 'கார் ஸ்பா' என்று போர்டு. அந்த ரோட்டில் மனிதனுக்கு ஒரு நல்ல கழிப்பறை கிடையாது, காருக்கு ஸ்பா இருக்கிறது. கடை இன்றைக்கும் நடக்கிறது, போர்டுக்குக் கூடுதலாக விளக்குக்கூடப் போட்டிருக்கிறார்கள்.

அவரை இதில் மாப்பிள்ளை என்றே சொல்கிறேன். தங்கை புருஷனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது. பெயர் சொல்லும்படி அவர் எதுவும் செய்துவிடவும் இல்லை.

முதலில் கடையில் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் பாலிஷ் போடுவதும்தான் வேலை. பிறகு ஒரு நாள் டை கட்டிய ஏஜென்ட் ஒருவன் ஒரு சின்ன டப்பாவோடு வந்தான். நானோ கோட்டிங் என்றான். ஒரு பழைய காரின் பானட்டில் பாதிக்கு மட்டும் அதைப் பூசிக் காயவிட்டு, மேலே ஒரு மக் தண்ணீரை ஊற்றினான். பூசிய பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிப்போனது. பூசாத பக்கம் பரிதாபமாக நனைந்து கிடந்தது. அதைப் பார்த்து மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய தாயார் செத்தபோதுகூட அந்தக் கண் அவ்வளவு கலங்கவில்லை.

நானோ என்றால் என்ன என்று கேட்டேன். நானோ என்றால் நானோதான், புதுசாக வந்திருக்கிறது என்றார் மாப்பிள்ளை. அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனால் வாடிக்கையாளர்களிடம் பேசும்போது அந்த வார்த்தையை அப்படியே நாக்கில் வைத்துச் சுவைப்பார். எங்கள் பக்கம் புதுக் கார் எடுத்தால் பானட்டில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார்கள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். நானோ அடித்த வண்டியில் சந்தனம் கறையாக நிற்காது, தட்டினால் உதிர்ந்துவிடும் என்று மாப்பிள்ளை சொன்னதும் ஊரில் இருக்கிற ரியல் எஸ்டேட்காரர்கள் எல்லாம் வரிசை கட்டிவிட்டார்கள். பெண்ணுக்குச் சீராகக் கார் கொடுக்கிறவர்கள் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் கொண்டுவந்து விடுவார்கள். சம்பந்தி வீட்டார் கண்ணுக்கு வண்டி கண்ணாடிபோல இருக்க வேண்டுமாம்.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வியாதி அங்கேதான் இருக்கிறது. டப்பாவில் இருப்பதைத் துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும் என்றுதான் ஏஜென்ட் காட்டிக்கொடுத்தான். ஆனால் தேய்த்தால் ஒரு வண்டிக்கு ஒரு நாள் போய்விடும். மாப்பிள்ளை மூளைக்காரர். பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன் சும்மாதானே தொங்குகிறது என்று அதில் ஊற்றச் சொன்னார். பனிபோல் அடித்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் வண்டி முடிந்தது. அன்றிலிருந்து துணிக்கு வேலை இல்லை.

அடிக்கும்போது வண்டியில் ஒரு தூசி ஒட்டினாலும் போச்சு, அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் ஷட்டரை முழுக்க இறக்கிவிடுவோம். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் சணல் சாக்கைத் தண்ணீரில் நனைத்து அடைத்துவிடுவோம். ஃபேன் போடக் கூடாது. காருக்குத் தூசி படாமல் இத்தனை பத்தியம். உள்ளே நிற்கிற எனக்கு ஒரு ஈரத் துண்டு. எங்கள் பக்கம் கடலை மெஷினில் நிற்கிறவனும் நெல்லுத் தூற்றுகிறவனும் மூக்கில் ஈரத் துண்டு கட்டித்தான் நிற்பான். தலைமுறை தலைமுறையாகத் துண்டு காப்பாற்றியிருக்கிறது, இதற்கும் காப்பாற்றும் என்று இருந்துவிட்டோம். பெயின்ட் அடித்தால் அன்று மாலை துப்புகிற எச்சிலில் நிறம் தெரியும், உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று ஒரு கணக்குக் கிடைக்கும். இதைத் துப்பினால் வெறும் எச்சில்தான் வந்தது. பழுத்த வாழைப்பழம்போல ஒரு இனிப்பு வாசனை மட்டும் துண்டில் நின்றது. கண்ணுக்குத் தெரியாததால் தூசியே இல்லை என்று நினைத்தோம்.

மாப்பிள்ளை இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வேலை முடிந்ததும் எனக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கட்டி வெல்லமும் கொடுப்பார். உள்ளே போன தூசியை அது வழித்துக்கொண்டு போய்விடும் என்பது அவருடைய வைத்தியம். தொண்டைக்குக் கீழே சோற்றுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி என்று இரண்டு இருப்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் தெரியாது. பழத்தைத் தின்றுவிட்டு பஸ் ஏறுவேன்.

முதலில் சாயங்காலத்தில் வறட்டு இருமல் வந்தது. பிறகு குளிர்க் காய்ச்சல், காலையில் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது. அதன் பிறகு ஒரு முகூர்த்த வாரத்தில் வரிசையாக வண்டிகள் வந்தன, ஷட்டரைத் திறக்க நேரமில்லாமல் அடித்தேன். கடைசி வண்டியின் பின்கதவில் கன்னைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. ஈரச் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு ஷட்டரைத் தட்டினேன்.

கொட்டகைக்குள்ளும் வெளியிலும் பளபளவென்று கார்கள் நின்றன. எல்லாம் வாடிக்கையாளர் வண்டி, தொடக் கூடாது. என்னை ஆட்டோவில்தான் ஏற்றினார்கள். மாப்பிள்ளையும் கூடவே ஏறிக்கொண்டார். வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான்.

"வேலையில வந்துச்சுன்னு மட்டும் சொல்லிறாதீங்க மச்சான். கடைக்கு சீல் வச்சிருவாங்க. அப்புறம் ஒங்க தங்கச்சிதான் தெருவுல நிக்கணும்."

புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். வாசலில் மீன் தொட்டி இருந்தது, மீன்கள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு ஓடுகிறது என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேலே இருந்தால் பரவாயில்லையாம், என்னுடையது எண்பதுகளில் தடுமாறிக்கொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் பீடியா, சிகரெட்டா என்று கேட்டார். இல்லை. குவாரி வேலையா? இல்லை. கிரஷரா? இல்லை. எங்கள் மாவட்டத்தில் நெஞ்சு கெட்டால் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நான்காவது கேள்வி அவர் படித்த புத்தகத்தில் இல்லை. பிறகு என்னதான் வேலை செய்தீர்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டு, வீட்டுக்கு வெள்ளையடித்தார், சுண்ணாம்புத் தூசி ஏறிவிட்டது என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். பெண் கொடுத்த வீட்டில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கம் தங்கையைக் கட்டியவன் முன்னால் அண்ணன்காரன் தோளில் இருக்கிற துண்டு தானாகக் கீழே இறங்கிவிடும். அவன் பொய் சொன்னாலும் வெளியாள் முன்னால் மறுத்துப் பேசுவது இல்லை. பேசினால் அன்று ராத்திரி அந்த வீட்டில் திட்டு வாங்குவது அவள். இதற்கு நாங்கள் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். மூச்சு நின்றாலும் மரியாதை நிற்கக் கூடாது என்று அன்றைக்கு நானும் இருந்துவிட்டேன்.

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளை வெள்ளையாக இருந்தன. நிமோனியா என்று ஒரு டாக்டர் சொன்னார், காசநோயாக இருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார், இதயத்தைப் பார்த்துவிடலாம் என்று மூன்றாவது ஒருவர் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். இல்லாத சுண்ணாம்பைத் தேடி அவர்கள் எடுக்காத டெஸ்ட் இல்லை. கேள்வியே பொய்யாக இருக்கும்போது பதில் எங்கிருந்து வரும்? பில் மட்டும் சரியாக வந்தது. என் மனைவி பாக்கியம் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு இதற்கு மேல் எங்களிடம் வசதி இல்லை என்று அவர்களே சொல்லி, ஆம்புலன்ஸ் பிடித்து அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு ஒரு கட்டில் கிடைத்தது. படுத்தால் மூச்சு முட்டும், அதனால் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே கிடந்தேன். பாக்கியம் எக்ஸ்ரே உறையால் எனக்கு விசிறுவாள். தூங்கி விழுந்தாலும் கை மட்டும் விசிறிக்கொண்டே இருக்கும். என் வாழ்நாளில் அந்தக் கையைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சளியைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள் என்ற சேதி ஊருக்குப் போனதும் காசநோய் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது, அந்தச் சேதி மட்டும் பஸ் கிடைக்காமல் நின்றுவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வார்டு வாசலிலேயே நின்றார்கள். என் சின்னம்மா மகன் அங்கிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போனான். ஒரு துண்டை நம்பி உள்ளே படுத்திருக்கிற என் முன்னால், ஆளாளுக்கு ஒரு துணியைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

லூர்து மட்டும் மூக்கைப் பொத்தாமல் வந்தாள். தினமும் மதியத்துக்கு மேல் நெஞ்செலும்பு சூப்பு கொண்டுவருவாள். மிளகு தட்டிப் போட்டு, எலும்பு கரையும் வரை வேகவைத்த சூப்பு. பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றி ஆற்றிக் கொடுப்பாள். சின்ன வயதில் நான் அவளுக்கு ஊட்டியதற்குப் பழி வாங்குவதாகச் சொல்வாள். அவள் வந்தால்தான் அந்த வார்டில் எனக்குப் பொழுது விடிந்தது போல இருக்கும். நான் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு கிடந்தது இவளுக்காகத்தான். இவள் தெருவில் நிற்கக் கூடாது, இவள் அடுப்பு எரிய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்த்து எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் அவள் வருகிற நேரம் தள்ளிப்போனது. வந்தாலும் உடனே கிளம்பிவிடுவாள். கடையில் வேலை கிடக்கிறது என்பாள். ஒரு நாள் சூப்புத் தூக்குவாளியைத் திறந்தபோது மிளகு வாசனைக்கு நடுவே பழுத்த வாழைப்பழ வாசனை அடித்தது. என் மூக்கிலேயே அது தங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் மாடிக்கே வரவில்லை, தூக்கைப் படிக்கட்டுக்குக் கீழே பாக்கியத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். கால் வலி என்று சொன்னாளாம்.

அந்த வார்டுக்கு வந்த நெஞ்சு டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர் என்னை ஸ்கேனுக்கு அனுப்பினார். படத்தில் நுரையீரல் முழுக்க தேய்த்த கண்ணாடிபோல மங்கலாக இருந்தது. பிறகு மூக்கு வழியாக மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் விட்டு, கொஞ்சம் தண்ணீர் செலுத்திக் கழுவி எடுத்துப் பார்த்தார்கள். கிருமி எதுவும் இல்லை. அவர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். எந்த டாக்டரும் அதுவரை உட்கார்ந்து பேசியதில்லை. வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும், ஆனால் காரணம் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் வேறு ஏதாவது நோய் இருந்தால் அது தலைதூக்கிவிடும் என்று விளக்கினார்.

"சுண்ணாம்பு அடிச்சு இப்படி வராதுங்க. நீங்க எங்கிட்ட சொல்லாதது ஒண்ணு இருக்கு" என்றார்.

நான் மறுபடியும் சுண்ணாம்பையே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாளைக்கு வருகிறேன், யோசித்து வையுங்கள் என்றார்.

மறுநாள் பாக்கியம் துணி அலசப் போயிருந்தாள். அதனால் லூர்து தூக்கை எடுத்துக்கொண்டு தானே மாடியேறி வந்தாள். டாக்டரம்மா என் பக்கத்துக் கட்டிலில் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டு வாசலில் யாரோ இருமுவது கேட்டது. ஈரமில்லாத, உள்ளேயிருந்து கயிறு போட்டு இழுக்கிற மாதிரியான இருமல். அது என்னுடைய இருமல். ஆனால் நான் இருமவில்லை.

டாக்டரம்மாவும் திரும்பிப் பார்த்தார். லூர்து கதவைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். உதடு நீலமாக இருந்தது. அவர் போய் அவள் கையிலிருந்த தூக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தன் பையிலிருந்து கிளிப்பை எடுத்து அவள் விரலில் மாட்டினார். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். அவள் வீட்டுக்கும் வெள்ளையடித்தார்களா என்று கேட்டார்.

லூர்து என்னைப் பார்த்தாள். என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு அதையே தானும் சொல்வதற்காகப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் படுத்த பிறகு ஷட்டருக்கு அந்தப் பக்கம் யார் நின்றது என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. முகூர்த்த வண்டி நிற்காதே. மாப்பிள்ளை கன்னைத் தொடுகிற ஆள் இல்லையே. யாரைத் தெருவில் நிறுத்தக் கூடாது என்று வாயை மூடினேனோ, அவளை அந்தக் கொட்டகைக்குள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.

"சுண்ணாம்பு இல்லம்மா. பொய் சொன்னேன்" என்றேன்.

மூச்சு விட்டு மூச்சு விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கன், ஷட்டர், சாக்கு, துண்டு, வாழைப்பழம் எல்லாவற்றையும். நான் விட்ட இடத்திலிருந்து லூர்து எடுத்துச் சொன்னாள்.

"டப்பாவுல காத்தோட்டமா வச்சுத் துணியில தேய்க்கணும்னுதான் போட்டிருக்கும்மா. நான் படிச்சு அவருகிட்டச் சொன்னேன். அதெல்லாம் சும்மா போட்டிருப்பான், அடின்னாரு."

டாக்டரம்மா உடனே அவளையும் படுக்கவைத்து ஆக்ஸிஜன் கொடுக்கச் சொன்னார், பெண்கள் வார்டுக்கு ஆள் அனுப்பினார். எனக்கும் அன்றே ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்தது. பிறகு ஓய்வாக வந்து, எங்கள் உள்ளே என்ன நடந்தது என்று சொன்னார். படித்தவர்கள் பேசுகிற பேச்சு இல்லாமல் புரிகிற மாதிரி சொன்னார், அதை அப்படியே எழுதுகிறேன்.

நுரையீரலின் அடியில் திராட்சைக் கொத்துபோலச் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. காற்று ரத்தத்தில் கலப்பது அங்கேதான். நாம் மூச்சை விடும்போது அந்தப் பைகள் சுருங்கும். சுருங்கினாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே சோப்பு நுரைபோல மெல்லிய ஈரப் பூச்சு ஒன்று உண்டு. சாதாரணத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் மாட்டி, சளியாக வெளியே வந்துவிடும். நானோ என்பது ஒரு தலைமுடியின் பருமனை ஆயிரமாகப் பிளந்தால் வருகிற பங்கைவிடச் சின்ன அளவு. துணியில் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் காரோடு போய்விடும். கன்னில் அடித்தால் பனிபோலக் காற்றில் மிதந்து, ஈரத் துண்டைத் தாண்டி நேரே அந்தப் பைகளுக்குப் போய்விடும். தண்ணீரை விரட்டுவதற்கென்றே செய்த சரக்கு, அங்கே இருக்கிற ஈரப் பூச்சையும் குலைத்துவிடும். பைகள் ஒட்டிக்கொள்ளும், வீங்கும், காற்றுப் போக இடம் இருக்காது. கார் மேல் தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்காக எங்கள் நெஞ்சு ஒட்டிக்கொண்டது.

அந்தத் துகள் உள்ளேயே தங்கிவிடுமா, பின்னாளில் என்ன செய்யும் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க. இதெல்லாம் விக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஒடம்புல என்ன பண்ணும்னு இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கல. வீக்கம் கொறையும், கொஞ்சம் தழும்பு நிக்கலாம். தொடர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்."

இத்தனை நாளில் எனக்குத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். தெரியும் என்று சொன்னவர்கள் ஏராளம். டை கட்டிய ஏஜென்டுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும். மீன் தொட்டி ஆஸ்பத்திரிக்கு மூன்று விதமாகத் தெரியும். ஊரில் ஒருவர், கழுதைப் பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதுகூடத் தெரிந்து வைத்திருந்தார்.

மருந்து வேலை செய்தது. கிளிப்பில் எண் மெல்ல மெல்ல ஏறியது. ஒரு நாள் குழாய் இல்லாமல் கழிப்பறை வரை நடந்து திரும்பிவந்தேன். பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லை, தூசி என்றாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பெண்கள் வார்டுக்குப் போனேன். லூர்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் எனக்கு விசிறிய எக்ஸ்ரே உறை, இப்போது அவளுக்கும் எனக்குமாகப் பங்கு போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பாக்கியம் வைத்த சூப்பை ஆற்றிக் கொடுத்தேன். மிளகு பத்தவில்லை என்றாள்.

மாப்பிள்ளை அப்போதுதான் வந்தார். ஒரு பையில் ஆரஞ்சுப் பழமும் ஒரு பாக்கெட் ரொட்டியும். யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. குனிந்து என் காதில், டாக்டர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

"நடந்தத எழுதிருக்காங்க மாப்ள. நான்தான் சொன்னேன்" என்றேன். வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

என் தோளில் அன்றைக்குத் துண்டு இருந்தது. அது இறங்கவில்லை. மாப்பிள்ளைக்கு முகம் கறுத்துப்போனது. குடும்பத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்றார். லூர்து ஆரஞ்சுப் பையை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். அவர் அந்தப் பையோடு போனார்.

டாக்டரம்மா எழுதியதை வைத்து அரசாங்கத்திலிருந்து யாரோ கடைக்கு வந்து பார்த்தார்களாம். டீ குடித்தார்களாம். நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கடைக்கு யாரும் சீல் வைக்கவில்லை. எந்தச் சீலுக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேனோ அது எங்கேயுமே இல்லை. ஒரு கிளாஸ் டீயோடு முடிந்துபோகிற விஷயத்துக்காக என் தங்கையின் நெஞ்சைக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். லூர்து எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று பாக்கியம் முன்பே முடிவு செய்து, அவளுடைய துணிமணியை எடுத்துவர ஆள் அனுப்பிவிட்டாள். நல்ல மழை. ஆஸ்பத்திரி முகப்பில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றோம். படியிறங்கி வந்ததற்கே இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்கக் கூடாதென்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது மாப்பிள்ளையின் கார் உள்ளே வந்து நின்றது. பழைய வண்டி, நான் படுத்திருந்த நாட்களில் அவர் தனக்கென்று வாங்கியது. பெண்டாட்டியைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தார், கண்ணாடியை இறக்காமல் உள்ளேயே உட்கார்ந்து ஹாரன் அடித்தார். மழை அந்த வண்டி மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட நிற்கவில்லை. எல்லாம் முத்து முத்தாக உருண்டு பானட்டிலிருந்து சரிந்து ஓடிக்கொண்டிருந்தது.

லூர்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, அது நான் அடிச்சது. ஒரு எடத்துலயும் திட்டு விழாம வந்திருக்கு பாரு" என்றாள்.

பார்த்தேன். நான் பெயின்டர், என் கண் வேறு எதற்கும் பழகவில்லை. கைப்பிடிக்கு அடியில் பார்த்தேன், கண்ணாடிக்குக் கீழே பார்த்தேன், கற்றுக்குட்டிகள் அடித்தால் வழிகிற இடமெல்லாம் பார்த்தேன். எங்கேயும் வழியவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், மூடிய கொட்டகைக்குள், மூச்சு முட்டிக்கொண்டு என் தங்கை அடித்த வேலை. இவ்வளவு தூரம் எல்லோரையும் ஏசி எழுதிவிட்டேன், அந்த வேலையை மட்டும் ஏச எனக்கு வாய் வரவில்லை.

"நல்லா வந்திருக்கு ஆத்தா" என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்தாள், சிரிப்பு இருமலாக மாறியது. கார் இன்னும் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. பாக்கியம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மழையில் நனைந்துகொண்டே போய் ஒரு ஆட்டோவைக் கூட்டிவந்தாள். லூர்துக்கு இருமல் நிற்கும் வரை ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.